'கிரீஸ் 2' வாங்கிய கெட்ட பெயர்: யார் செய்த தப்பு, யார் தலையில்?

ஹாலிவுட்டின் மோசமான இரண்டாம் பாகங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் 'கிரீஸ் 2' தவறாமல் இருக்கும். 1978-ல் வந்த 'கிரீஸ்' என்ற பள்ளிக்கூட இசைப்படத்தின் தொடர்ச்சியாக 1982 ஜூன் 11 அன்று அமெரிக்காவில் வெளியான படம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பெயர் அழியவில்லை. முதல் 'கிரீஸ்' சிங்கப்பூரில் தெரியாதவர்கள் குறைவு. கம்பெனி டின்னர் அண்ட் டான்ஸில் 'ரெட்ரோ' என்று அறிவித்துவிட்டால் போதும், கணக்குப் பிரிவிலிருந்து நான்கு பேர் தலையில் ஜெல்லைக் கொட்டிக்கொண்டு அதன் நாயகன் ஜான் டிரவோல்டாவாக வந்து நிற்பார்கள். இரண்டாம் பாகத்தைப் பற்றிக் கேட்டால், "அப்படி ஒன்று வந்ததா?" என்பார்கள். இல்லையென்றால், "பார்த்ததில்லை, ரொம்ப மோசம்னு கேள்வி" என்பார்கள். எனக்கு உறுத்துவது இந்த இரண்டாவது பதில்தான். பார்க்காதவர்களும் தீர்ப்பைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் குறை உண்டு, நிறையவே உண்டு. ஆனால் முதல் பாகம் மாதிரியே இருந்தாக வேண்டும் என்று பாடுபடும் இடங்களில்தான் அது தடுக்கி விழுகிறது. தன் போக்கில் போகும் இடங்களில் நன்றாகவே நடக்கிறது. விமர்சனம் மட்டும் தலைகீழாக வந்தது: "முதல் பாகம் மாதிரி இல்லையே!"

முதல் பாகம் எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் இரண்டாவது ஏன் சறுக்கியது என்பது புரியும். ஜிம் ஜேக்கப்ஸ், வாரன் கேஸி இருவரும் எழுதிய 'கிரீஸ்' இசை நாடகம் 1972-ல் நியூயார்க்கின் பிராட்வே வட்டாரத்துக்கு வந்தது. 1980 ஏப்ரலில் திரை விழுவதற்குள் 3,388 காட்சிகள் ஓடி, அன்றைக்கு பிராட்வேயில் மிக நீண்ட காலம் ஓடிய நாடகம் என்ற பெயரையும் வாங்கியிருந்தது. ஆக, 1978-ல் ரான்டல் கிளைசர் இயக்கத்தில் படமாக வந்தபோது பெரும்பாலான பாட்டுகள் ஆயிரக்கணக்கான இரவுகள் ரசிகர்கள் முன்னால் பாடிப் பாடித் தேறியவை. எந்த வரிக்குச் சிரிப்பு வரும், எந்த இடத்தில் கைதட்டல் விழும் என்பதெல்லாம் அத்துப்படி. போதாததற்கு பேரி கிப் எழுதிய தலைப்புப் பாட்டும், ஜான் ஃபாரர் எழுதிய இரண்டு புதுப் பாட்டுகளும் சேர்ந்துகொண்டன. டிரவோல்டா, ஒலிவியா நியூட்டன்-ஜான் ஜோடி வேறு. சுமார் 6 மில்லியன் டாலரில் எடுத்த படம் அந்த ஆண்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. உலக வசூல், பிற்கால மறுவெளியீடுகளையும் சேர்த்து, 360 மில்லியனைத் தாண்டிவிட்டது.

இப்படி ஒரு குதிரை கையில் இருந்தால் எந்தத் தயாரிப்பாளர் சும்மா இருப்பார்? ராபர்ட் ஸ்டிக்வுட்டும் ஆலன் காரும் இரண்டாம் பாகத்துக்குத் தயாரானார்கள். பாரமவுண்ட் நிறுவனத்தின் கணக்கு ஒரு படத்தோடு நிற்கவில்லை. அடுத்தடுத்து வரிசையாகப் படங்கள் எடுக்கும் யோசனையும் இருந்தது.

இங்கேதான் முதல் சிக்கல். இது எல்லாப் பள்ளிக்கூடக் கதைகளுக்கும் உள்ள சிக்கல். துப்பறிவாளர் கதைக்கு இரண்டாம் பாகம் எடுக்க இன்னொரு கொலை விழுந்தால் போதும். பள்ளிக்கூடக் கதை கடைசி நாளோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் தேர்வு எழுதி, கைகோத்துப் பாடி, காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். ('கிரீஸ்' படத்தில் அந்தக் கார் வானத்திலேயே பறக்கிறது. அதற்கு இன்றுவரை ஆளுக்கொரு விளக்கம்.) மறுபடி தொடங்க இரண்டே வழி. ஒன்று, பிள்ளைகளைப் பின்தொடர்ந்து வேலைக்கும் கல்யாணத்துக்கும் போவது. அப்போது அது பள்ளிக்கூடப் படமாகவே இருக்காது. இரண்டு, அதே பள்ளியில் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பது. அப்போது ரசிகர் தேடி வந்த முகம் ஒன்றும் இருக்காது. முந்தைய ஆண்டின் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் போன பிறகு அதே கேன்டீனில் போய் உட்கார்ந்து பாருங்கள், புரியும். 'கிரீஸ் 2' இரண்டாம் வழியில் போனது. முதல் கதை 1958-59 கல்வியாண்டில் நடந்தது. இது 1961. பள்ளி அதே ரைடெல். தலைமை ஆசிரியை, பயிற்சியாளர், அலுவலக உதவியாளர் எல்லாரும் பழையவர்கள். மாணவர்கள் மட்டும் அனேகமாகப் புதியவர்கள்.

வயது விஷயத்தில் இரண்டாம் பாகம் எவ்வளவோ மேல். 1977-ல் முதல் படத்தின் படப்பிடிப்பு நடந்தபோது ஒலிவியாவுக்கு 28, ஸ்டாக்கார்ட் சானிங்குக்கு 33. பள்ளி மாணவியாம்! இரண்டாவதில் நாயகி மிஷெல் ஃபைஃபருக்கு 23, நாயகன் மேக்ஸ்வெல் கால்ஃபீல்டுக்கு 22 தான். பெண்கள் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும் சிறுமி டொலோரஸாக வரும் பமேலா சீகலுக்கு 15 வயதுதான். பிற்காலத்தில் பமேலா ஆட்லன் என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடர் எழுதி, இயக்கி, நடித்துப் புகழ்பெற்றவர் இவர்.

இயக்குநர் பட்ரீஷியா பர்ச். பிராட்வே நாடகத்துக்கும் முதல் படத்துக்கும் நடனம் அமைத்தவர். முதல் 'கிரீஸ்' என்றதும் நம் கண்ணில் நிற்பது எது? கதையா? திடலின் படிக்கட்டுகளில் ஏறி இறங்கும் ஆட்டம், உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும் நடனப் போட்டி, கடைசி நாள் கேளிக்கைச் சந்தை. அத்தனையும் பர்ச்சின் கைவண்ணம். அவரிடம் படத்தை ஒப்படைத்தது நியாயமான முடிவு. ஆனால் படப்பிடிப்பு தொடங்கியபோது அவர் கையில் இருந்தது முடிக்கப்படாத திரைக்கதை. கென் ஃபிங்கிள்மன் எழுதிக்கொண்டே இருக்க, இவர் எடுத்துக்கொண்டே போனார். ஜேக்கப்ஸ், கேஸி இருவரின் பாட்டுகளும் இல்லை. பலரிடம் வாங்கிச் சேர்த்த புதுப் பாட்டுகள். பல ஆண்டு மேடையில் பழுத்த ஒன்றோடு, அவசரத்தில் எழுதிய ஒன்றைப் போட்டிக்கு நிறுத்தினார்கள்.

நம் ரசிகர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. கதை முடிவாகாமலே பூஜை போட்டு, படப்பிடிப்புத் தளத்தில் வசனம் எழுதும் வழக்கத்தைத் தமிழ் சினிமா நிறையவே பார்த்திருக்கிறது.

இன்னொன்று, வெளியீட்டு நாள். 1982 ஜூன் 11 அன்றுதான் ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' படமும் வெளியானது. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? 'இ.டி.' முதல் வார இறுதியில் மட்டும் 11 மில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. 'கிரீஸ் 2' 5 மில்லியனைக்கூடத் தொடவில்லை. ஒரு வாரம் முன்னால், ஜூன் 4 அன்று, பாரமவுண்டே தன்னுடைய 'ஸ்டார் டிரெக்' இரண்டாம் பாகத்தை இறக்கியிருந்தது. அதே நாளில் 'போல்டர்கைஸ்ட்'. மே கடைசியிலிருந்தே 'ராக்கி 3' ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 11 மில்லியனில் எடுத்த 'கிரீஸ் 2' அமெரிக்காவில் மொத்தமாக 15 மில்லியன்போல வசூலித்தது. கேட்கும்போது லாபம் போலத் தெரியும். டிக்கெட் பணத்தில் பாதியளவு திரையரங்குகளுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. ஆக நஷ்டம்தான்.

அந்தக் கோடையில் அடிவாங்கியது இது மட்டும் அல்ல. ஜூன் 25 அன்று ஒரே நாளில் வந்த 'பிளேடு ரன்னர்', 'தி திங்' இரண்டையும் ரசிகர்கள் கைவிட்டார்கள். விமர்சகர்களும் பெரிதாக வரவேற்கவில்லை. இன்று அவை இரண்டும் திரைப்படக் கல்லூரிகளில் பாடம். தோற்ற நாளில் கிடைத்த பெயர் நிலைக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அறிவியல் புனைவுக்கும் திகிலுக்கும் வக்காலத்து வாங்க ஆண்கள் கூட்டம் ஒன்று உண்டு, அவர்கள் எழுதி எழுதியே அந்தப் படங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். பதினான்கு வயதுப் பெண்கள் வீடியோ கேசட்டில் தேயத் தேயப் பார்த்த படத்துக்காக எழுத யார் இருந்தார்கள்? இது என் சந்தேகம். ஆனால் லேசில் விடக்கூடிய சந்தேகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

கதைக்கு வருவோம். முதல் படத்தில் சாண்டி என்ற நல்ல பிள்ளை, டேனி என்ற முரட்டுப் பையனுக்காகக் கடைசியில் தலைமுடியைச் சுருட்டி, இறுக்கமான கறுப்பு உடை மாட்டி, வாயில் சிகரெட் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். நம்முடைய பழைய படங்களில் படித்த, திமிரான, கால்சட்டை போட்ட பெண்ணைக் கதாநாயகன் அடக்கி, கடைசிக் காட்சியில் புடவையும் குங்குமமுமாக நிறுத்துவார். உடை நேர்மாறு, விதி ஒன்றுதான். மாற வேண்டியவள் பெண். டேனியும் மாற முயல்கிறான், ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்து விளையாட்டு வீரருக்கான ஸ்வெட்டரோடு வருகிறான் என்பது உண்மை. சாண்டியைப் பார்த்த மறுகணம் அந்த ஸ்வெட்டர் கழன்றுவிடுகிறது.

இரண்டாம் பாகம் இதைத் திருப்பிப் போடுகிறது. சாண்டியின் உறவுக்காரப் பையன் மைக்கேல் இங்கிலாந்திலிருந்து வந்து சேருகிறான். நன்றாகப் படிப்பவன், நல்ல பேச்சு, நல்ல சட்டை. பிங்க் லேடீஸ் என்ற பெண்கள் கூட்டத்தின் தலைவி ஸ்டெஃபனி மீது ஆசை. அந்தக் கூட்டத்தில் ஒரு விதி: டி-பேர்ட்ஸ் பையன்களோடு மட்டும்தான் பழகலாம். ஸ்டெஃபனியோ டி-பேர்ட்ஸ் கூட்டத்தின் தலைவன் ஜானியை விட்டுவிட்டாள். யாருடைய 'ஆளாகவும்' இருக்க அவளுக்கு இஷ்டமில்லை. பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்கிறாள், கையில் கிரீஸ் கறை. மைக்கேல் வந்து பேசும்போது தனக்கு எப்படிப்பட்டவன் வேண்டும் என்பதை ஒரு பாட்டாகவே பாடிக்காட்டுகிறாள். மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவன், வேறு யாரும் வேண்டாம். கிடைத்த ஏணியைப் பிடித்து ஏறி, அதன்மேல் நின்று, ஊருக்கே அறிவிப்பதுபோல.

இந்தப் பாட்டை ஒரு தடவை கவனமாகப் பாருங்கள். எழுதியவர் டென்னிஸ் லிண்ட், எல்விஸ் பிரெஸ்லிக்கு 'பர்னிங் லவ்' எழுதிக் கொடுத்தவர். ஃபைஃபருக்குப் பெரிய குரல் கிடையாது. ஒலிவியாவோடு ஒப்பிட்டால் குரலே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் அதைக் குரலால் பாடவில்லை. கன்னத்தை ஒரு பக்கம் சாய்த்து, சூயிங்கம் மென்றுகொண்டு, எனக்கு இதுதான் வேண்டும், உனக்கென்ன என்று தோளால் பாடுகிறார். ஒரு பெண் தன் விருப்பத்தை வெட்கமில்லாமல், விளக்கமும் கொடுக்காமல் சொல்கிறாள். முதல் படத்தில் சாண்டிக்குக் கிடைத்த தனிப்பாட்டு, டேனியை நினைத்து உருகுவது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் எது முன்னே போன படம் என்று தெரியும்.

அதற்குப் பிறகு மைக்கேல் செய்வதுதான் கதை. டி-பேர்ட்ஸ் பையன்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பள்ளிக் கட்டுரைகள் எழுதிக் கொடுக்கிறான். அந்தக் காசில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேற்றுகிறான், ஓட்டக் கற்றுக்கொள்கிறான். கறுப்பு உடுப்பும் ஹெல்மெட்டும் கண்ணை மறைக்கும் பெரிய கண்ணாடியுமாக, பெயர் சொல்லாத வீரனாக இரவில் வந்து நிற்கிறான். (நம் ஊரில் 18 வயது ஆகாமல் கற்றல் உரிமமே கிடையாது. மோட்டார் சைக்கிளுக்கான 'சிஓஇ', அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், 2022-ல் 10,000 வெள்ளியைத் தாண்டிப் போனது. எத்தனை கட்டுரை எழுதினாலும் கட்டுப்படியாகாது. தோல் ஜாக்கெட்டை இந்த வெயிலில் மாட்டுவது தனிக் கொடுமை.) பகலில் அவளுக்கு 'ஹாம்லெட்' பாடம் சொல்லிக் கொடுக்கும் மைக்கேலும் அவன்தான். இரவில் அவளை ஏற்றிப் போகும் வீரனும் அவன்தான். அவளுக்குத் தெரியாது.

நான் இதை என் அக்காவோடும் அண்ணன் மகளோடும் உட்கார்ந்து பார்த்தேன். அக்காவுக்குப் படம் தொடங்கிய வேகத்திலேயே சந்தேகம். "ஏண்டி, கண்ணுக்கு மட்டும்தான் கண்ணாடி போட்டிருக்கான். மூக்கு, வாய், தாடை எல்லாம் அப்படியே தெரியுது. இவளுக்கு ஆள் தெரியலையா?" என்றாள். கன்னத்தில் ஒரு மரு ஒட்டினால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்பதைக் காலங்காலமாக ஏற்றுக்கொண்ட வம்சம் நாம். ஒரு ஜோடிக் கண்ணாடிக்கு இவ்வளவு கேள்வியா என்றேன். அக்கா விடவில்லை. "அது எம்ஜிஆர். இவன் யாரு?"

சிரிப்புக்குச் சொன்னதுதான், ஆனால் படத்தின் பெரிய ஓட்டை அதில் இருக்கிறது. மாறுவேடக் கதை நிற்பது நடிகரின் வசீகரத்தில். வேடம் போட்டவன் இரண்டு ஆளாகவும் நம்மைக் கவர வேண்டும். கால்ஃபீல்ட் பார்க்க அழகு, அதில் மறுப்பில்லை. ஆனால் பகல் மைக்கேலுக்கு எழுத்தில் ஒன்றுமே கொடுக்கவில்லை. அவனுக்கு நகைச்சுவை இல்லை, கோபம் இல்லை, தோழன்கூட இல்லை. இங்கிலாந்துக்காரன் என்ற அடையாளம் உச்சரிப்போடு சரி. சாண்டியின் உறவு என்பதைத் தொடக்கத்தில் சொன்னதோடு மறந்துபோகிறார்கள். அந்த உறவு எதற்கு? முதல் பாகத்தோடு ஒரு முடிச்சுப் போட. வேறு வேலை அதற்கு இல்லை.

ஃப்ரெஞ்சி விஷயமும் அப்படித்தான். முதல் படத்தில் அழகுக்கலைப் பள்ளியைப் பாதியில் விட்ட ஃப்ரெஞ்சி, டீடி கான் நடித்த பாத்திரம், இதில் வேதியியல் படிப்பதற்காக மீண்டும் பள்ளிக்கு வருகிறாள். பழைய முகம் ஒன்று வந்ததே என்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தால், பாதிப் படத்தில் ஆளைக் காணோம். போனாளா, தேறினாளா, ஒரு வார்த்தை கிடையாது. முடியாத திரைக்கதை என்று முன்னால் சொன்னேனே, அதன் தழும்பு திரையிலேயே தெரியும் இடம் இது. முதல் படத்தில் காரில் மோதிய எதிரிக் கூட்டம் இதில் மோட்டார் சைக்கிளில் வருகிறது, அதே தலைவனோடு. எதற்கு வருகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பழையதை நினைவூட்ட வேண்டும் என்ற பதற்றத்தில் படம் இப்படித்தான் தன் காலைத் தானே மிதித்துக்கொள்கிறது.

பழையதை மறந்து பர்ச் தன் இஷ்டத்துக்கு ஆடவிட்ட இடங்கள் வேறு. தொடக்கப் பாட்டு, பள்ளி திறக்கும் நாள். ஃபோர் டாப்ஸ் குழு பாட, வந்திறங்கும் மாணவர் கூட்டம் முழுவதும் ஆட்டத்திலேயே வாசலைக் கடக்கிறது. யார் யாருடைய கூட்டம், யாருக்கு யார் மீது முறைப்பு என்பதெல்லாம் ஒரு வசனம் இல்லாமல் தெரிந்துவிடுகிறது. பிறகு பௌலிங் கூடம். உருளும் பந்துகளோடு சேர்ந்து உருளும் ஒரு கூட்ட நடனம். இந்தப் பௌலிங் கூடத்தில்தான் ஸ்டெஃபனி ஜானியை வெறுப்பேற்ற, அடுத்து கதவைத் திறந்து வருகிறவனுக்கு முத்தம் கொடுப்பேன் என்று சவால் விட்டு, வந்த மைக்கேலுக்குக் கொடுத்துவிடுகிறாள். முதல் படத்தில் இவ்வளவு பேரை ஒரே சட்டத்துக்குள் வைத்து ஆட்டிய காட்சிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

உயிரியல் வகுப்புப் பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூவும் மகரந்தமும் பற்றி ஆசிரியர் பாடம் நடத்த, பிள்ளைகள் அதை எங்கெங்கோ கொண்டுபோகிறார்கள். ஆசிரியராக வருபவர் டாப் ஹன்டர். 1950களில் அமெரிக்கப் பதின்ம வயதுப் பெண்கள் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்திருந்த அதே டாப் ஹன்டர். அந்தக் காலத்து கனவு நாயகனைக் கொண்டுவந்து, மாணவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கும் வாத்தியாராக நிறுத்தியது புத்திசாலித்தனமான குறும்பு. ஏக்கத்தைக் கேலி செய்யும் குறும்பு. முதல் படம் ஐம்பதுகளைப் பார்த்து ஏங்கியது, இது சிரிக்கிறது.

ஆனால் இந்தப் பாட்டுகளே படத்தை நடுத்தெருவிலும் நிறுத்தின. சான்றிதழோ 'பிஜி', அதாவது பெற்றோர் துணையோடு சிறுவர்களும் பார்க்கலாம். பாட்டுகளோ வரிக்கு வரி இரட்டை அர்த்தம். குடும்பத்தோடு வந்தவர்கள் நெளிந்தார்கள். நெளிய வைக்கும் படத்தைத் தேடிப்போனவர்களுக்கு அதே ஆண்டு 'போர்க்கீஸ்' இருந்தது. அதுவும் ஐம்பதுகளில் நடக்கும் பள்ளிக் கதை, ஆனால் ஒளிவுமறைவில்லாத வயதுவந்தோர் படம், வசூலில் சக்கைப்போடு போட்டது. ஆகஸ்டில் வந்த 'ஃபாஸ்ட் டைம்ஸ்' அன்றைய பிள்ளைகளை அன்றைய கடைத்தொகுதியிலேயே காட்டியது. 'கிரீஸ் 2' இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

பாதுகாக்கவே முடியாத காட்சி ஒன்று உண்டு. 1961, பெர்லின் நெருக்கடி, அணுகுண்டுப் பயம். வீட்டுக்கு வீடு நிலவறை கட்டச் சொல்லி கென்னடி பேசிய ஆண்டு. டி-பேர்ட்ஸ் கூட்டத்து லூயிஸ் தன் காதலி ஷேரனை ஒரு நிலவறைக்குக் கூட்டிப்போய், போர் வெடித்துவிட்டது, நாட்டுக்காக நாம் சேர்ந்துவிட வேண்டும் என்று பாடுகிறான். வெளியே அபாயச் சங்கை ஊதுவது அவனுடைய கூட்டாளிகள்.

நிலவறை என்றதும் அண்ணன் மகளுக்குச் சிரிப்பு. "அத்தை, பாம் ஷெல்டர்னா உள்ள அரிசி மூட்டை, பழைய ஃபேன், டாய்லெட் பேப்பர்தான் இருக்கும்? எங்க உட்காருவாங்க?" தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எல்லாவற்றிலும் கனத்த இரும்புக் கதவோடு அந்த அறை உண்டு. நம் பிள்ளைகளுக்கு அது பண்டகசாலை. பாட்டு பாதி ஓடியதும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "இது பொய் சொல்லி ஏமாத்தறதுதானே? ஏன் காமெடியா காட்டறாங்க?" எனக்குப் பதில் இல்லை. படம் ஷேரனைக் கடைசி நிமிடத்தில் காப்பாற்றிவிடுகிறது, லூயிஸ் அசடு வழிகிறான். அதனால் காட்சியின் நாற்றம் போய்விடாது. முதல் படத்தின் புகழ்பெற்ற கோடைகாலப் பாட்டிலும், அவள் எதிர்த்துப் போராடினாளா என்று டேனியிடம் அவன் கூட்டாளி கேட்கும் வரி இருக்கிறது. அதை நாம் டின்னர் அண்ட் டான்ஸில் கைதட்டிக்கொண்டே பாடுகிறோம் என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்.

படத்தின் கடைசிப் பகுதி வினோதமானது. துரத்தல் ஒன்றில் முகமூடி வீரன் கட்டுமானத் தளத்தின் விளிம்பைத் தாண்டிப் போய் மறைகிறான், இறந்தான் என்று நினைக்கிறார்கள். பள்ளிக் கலைநிகழ்ச்சியில் மேடையேறிய ஸ்டெஃபனி பாடிக்கொண்டே கற்பனையில் மூழ்கி, மோட்டார் சைக்கிள் சொர்க்கத்தில் அவனைச் சந்திக்கிறாள். வெள்ளைப் புகை, வெள்ளை உடை. நம்முடைய கனவுப் பாட்டு! தமிழ் ரசிகருக்கு எந்தத் தயக்கமும் வராது. அமெரிக்க விமர்சகர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். நடைமுறைக் கதைக்கு நடுவே ஒரு பெண் மனதுக்குள் நுழைந்து திரும்புவதை அவர்கள் அபத்தம் என்றார்கள். எனக்கு அது படத்தின் துணிச்சலாகத் தெரிகிறது. எடுத்த விதத்தில் இன்னும் கொஞ்சம் ரசனை இருந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, கடனை யார் அடைத்தார்கள்? தயாரிப்பாளர் ஆலன் காருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறு ஆண்டே பிராட்வேயில் 'லா காஜ் ஓ ஃபோல்' நாடகத்தைக் கொண்டுவந்து, டோனி விருதும் வாங்கினார். ஃபைஃபர் ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பினார். 'ஸ்கார்ஃபேஸ்' படத்துக்கு ஆள் தேடியபோது, இந்தப் படத்தில் நடித்தவர் என்பதாலேயே இயக்குநர் பிரையன் டி பால்மா அவரைப் பார்க்கத் தயங்கினார். தயாரிப்பாளர் மார்ட்டின் பிரெக்மன் பிடிவாதம் பிடித்ததால் வாய்ப்புக் கிடைத்தது. அதன்பின் மூன்று முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதில் ஒன்று பாடகி வேடத்துக்கு. அடுத்த டிரவோல்டா என்று ஏற்றிவிடப்பட்டிருந்த கால்ஃபீல்டை யாரும் சீந்தவில்லை. அந்த அடியிலிருந்து மீளப் பத்து ஆண்டு ஆனது என்று அவரே பிறகு சொன்னார். 1995-ல் ஒரு படத்தில் அவருக்குக் கிடைத்த வேடம், மவுசு போன பாப் பாடகன். அதை அவர் அவ்வளவு நன்றாகச் செய்தார் என்பது வேறு கதை.

பட்ரீஷியா பர்ச் இன்னொரு திரைப்படத்தை இயக்கவே இல்லை. படத்தில் உருப்படியாக இருப்பது பாதிக்கு மேல் அவருடைய உழைப்பு. எழுத்து முடியாதது, பாட்டுகள் அவசரமாகச் சேர்ந்தது, வெளியீட்டு நாள் இதெல்லாம் அவர் முடிவு செய்தவை அல்ல. பெண் இயக்குநர்கள் கைவிரலுக்குள் அடங்கிய அன்றைய ஹாலிவுட்டில் ஒரு தோல்வி ஒருவரின் கணக்கையே மூடிவிடும். அதே கோடையில் 'தி திங்' படத்தில் தோற்ற ஜான் கார்ப்பென்டருக்கு மறு ஆண்டே அடுத்த படம் வெளியானது. கெட்ட பெயர் நியாயமா என்ற கேள்வியை நான் எழுப்பியது இந்தப் பெண்மணிக்காகத்தான்.

படத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். கேசட்டிலும் கேபிள் தொலைக்காட்சியிலும் பார்த்து வளர்ந்த தலைமுறை பெரியவர்களானதும், 2014-ல் லண்டன் மேடையில் இதை 'கூல் ரைடர்' என்ற பெயரில் நிகழ்ச்சியாகவே நடத்தினார்கள். 2023-ல் பாரமவுண்ட் பிளஸில் பிங்க் லேடீஸ் கூட்டத்தின் தொடக்கத்தைச் சொல்லும் தொடர் ஒன்று வந்து, ஒரே பருவத்தோடு நின்றது. பெண்கள் கூட்டத்தின் தலைவியை நடுவில் வைத்துக் கதை சொல்லலாம் என்பதை இந்த வரிசையில் முதலில் செய்து பார்த்தது 'கிரீஸ் 2' தான்.

முதல் படத்தைப் போட்டுப் பார்த்த மறுநாள் இதைப் பார்க்காதீர்கள். ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். 115 நிமிடப் படம். பள்ளித் திறப்பு, ஏணிப் பாட்டு, பௌலிங் கூடம், உயிரியல் வகுப்பு நான்கும் தவறவிடக் கூடாதவை. நிலவறைக் காட்சியை ஓட்டிவிடலாம். கடைசியில் வரும் ஹவாய் விருந்து நீண்டுகொண்டே போகும். அப்போது எழுந்து போய் தே தாரிக் கலக்கிக்கொண்டு வந்தால், திரும்பி வரும்போதும் ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள்.